மேசையில் ஓடும், கடையில் ஓடாது

1. டிபன் பாக்ஸில் வந்த ரிலே

தேன்மொழி முதல் தடவை காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தபோது, பச்சை குத்தும் மெஷினை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தார். வாசலில் நின்று என் மனைவியிடம், "காலிங் பெல் ரிப்பேர் பண்ற சார் வீடு இதுதானுங்களா?" என்று கேட்டார். தொலைபேசி நிலையத்தில் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சுகளுக்கு அட்ஜஸ்ட்மெண்ட் பார்த்து ஓய்வு பெற்றவன் என்று நான் என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் எனக்கு வேறு பதவி கொடுத்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பெல் எங்கம்மா?" என்றேன்.

"பெல் இல்ல சார், டாட்டூ மெஷின். ஆனா உள்ள எல்லாம் பெல் மாதிரியேதான் இருக்கு. மெட்ராஸுக்கு அனுப்புனா திரும்பி வர மாசக்கணக்குல ஆவுது. நீங்க ஒரு தடவ பார்த்தீங்கன்னா..."

அவர் சொன்னது சரி. காயில் மெஷின் என்பது காலிங் பெல்லின் ஒன்றுவிட்ட தம்பி. கால் மிதியை அழுத்தினால் காயில் என்ற இரண்டு கம்பிச் சுருள்களிலும் கரண்ட் பாயும். காயில் காந்தமாகி, மேலே இருக்கும் ஆர்மேச்சர் என்ற இரும்புத் துண்டைக் கீழே இழுக்கும். அதோடு ஊசியும் இறங்கும். ஆர்மேச்சர் இறங்கியதும் அதன் தலையில் உள்ள முன் ஸ்பிரிங், கான்டாக்ட் ஸ்க்ரூவை விட்டு விலகும். கரண்ட் நிற்கும். பின் ஸ்பிரிங் ஆர்மேச்சரை மேலே தூக்கும். மறுபடி தொடும், மறுபடி இழுக்கும். பெல் மணியை அடிக்கிறது, இது மனிதரை அடிக்கிறது. வேறு வித்தியாசம் இல்லை.

தேன்மொழிக்குச் சொந்த ஊர் கருக்களாச்சேரி. கணவர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். தேன்மொழி காரைக்கால் டவுனில் நஸ்ரின் பானு என்பவரின் பியூட்டி பார்லரில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போட்டுக்கொண்டிருந்தார். பிறகு சென்னைக்குப் போய்ப் பச்சை குத்தக் கற்றுக்கொண்டு வந்து, அதே பார்லரின் பின் அறையை வாடகைக்கு எடுத்துக் கடை போட்டார். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கடற்கரை ஊர்க்காரர்கள், கல்லூரிப் பையன்கள், துபாயிலிருந்து லீவில் வந்தவர்கள்.

அன்றைக்கு இருந்த கோளாறு சாதாரணமானது. கண்டென்சர் செத்துப்போயிருந்தது. அது செத்தால் ஒவ்வொரு தொடுதலிலும் பொறி பறக்கும், கான்டாக்ட் முனை அரிக்கும். முனையில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அதை அவர் உப்புத்தாளால் தேய்த்து இன்னும் நாசம் செய்திருந்தார். எங்கள் நிலையத்தில் கான்டாக்டை உப்புத்தாளால் தேய்த்தவரை ஆறு மாதம் புகார் கவுண்டரில் உட்காரவைப்பார்கள். தண்டனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். உட்கார்ந்தவருக்குப் புரியும்.

கண்டென்சரை மாற்றி, முனையைப் பர்னிஷர் என்ற மெல்லிய எஃகுத் தகட்டால் வழித்துக் கொடுத்தேன். மெஷின் ஒரே சுருதியில் பாடியது. தேன்மொழி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "புதுசா வாங்குனப்பகூட இப்புடிக் கத்தல சார்" என்றார். அன்றிலிருந்து அந்த மெஷினுக்கு நான் மெக்கானிக். ஓய்வூதியச் சங்கத்து நண்பர்கள் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறார்கள். நான் ஊசி இறங்கும் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2. வோல்டேஜ் கடைசி

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் படிக்கமாட்டீர்கள்.

மெஷின் சரியாக ஓடவில்லை என்றால் எல்லோரும் முதலில் செய்வது பவர் சப்ளையின் குமிழைத் திருகி வோல்டேஜை ஏற்றுவது. நடக்க மறுக்கும் மாட்டைச் சாட்டையால் அடிக்கிற காரியம் அது. மாட்டுக்குக் காலில் முள் குத்தியிருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முதலில் ஸ்பிரிங்குகளில் துருவோ வெடிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது கான்டாக்ட் முனை. அது முன் ஸ்பிரிங்கின் நடுவில் தொட வேண்டும், ஓரத்தில் அல்ல. பிறகு இடைவெளி. ஆர்மேச்சரைக் கையால் காயில்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்குக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை விட்டு அளக்க வேண்டும். கோடு போடும் மெஷினுக்குக் குறைவாகவும், நிழல் நிரப்பும் மெஷினுக்குச் சற்று அதிகமாகவும் இருக்கும். அதன் பிறகு மெஷினுக்குக் கரண்ட் கொண்டுவரும் கிளிப் கார்டு ஒயர், மிதி. இதெல்லாம் ஆன பிறகுதான் வோல்டேஜ். அநேகமாக அதைத் தொடவே வேண்டியிருக்காது.

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு தனி விதி. இங்கே கதவுக் கீலே இரண்டு மழைக்குத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் எம்மாத்திரம்? துருப்பிடித்த ஸ்பிரிங்கை எண்ணெய் விட்டுக் காப்பாற்ற நினைக்காதீர்கள். எண்ணெய் கான்டாக்டுக்கு ஏறும், கருகும். மாற்றிவிடுங்கள். மெஷினை மூடியுள்ள டப்பாவில், செருப்புக் கடையில் தரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு வையுங்கள். தேன்மொழி இதை அப்படியே செய்தார். என்னிடம் கொண்டுவரும்போது மெஷின் எப்போதும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும். என் பணிக்காலத்தில் அத்தனை சுத்தமான உபகரணத்தை இன்ஸ்பெக்‌ஷன் நாளில்கூட நான் பார்த்ததில்லை.

3. இறாலாகிப்போன நங்கூரம்

கோளாறு பட்டினச்சேரி முருகையனிடமிருந்து ஆரம்பித்தது. சொந்தப் படகு வைத்திருப்பவர். அவர் சொன்னால் கரையில் நான்கு பேர் கேட்பார்கள். மகள் கயல்விழி கல்லூரியில் சேர்ந்த சந்தோஷத்தில் முன்கையில் 'கயல்' என்று குத்திக்கொண்டார். சில வாரம் கழித்து, ஆண்கள் வரக் கூடாது என்ற எழுத்தைத் தாண்டிப் பார்லருக்குள் வந்து, புருவம் திருத்திக்கொண்டிருந்த பெண்களின் நடுவில் நின்று சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். எழுத்தெல்லாம் கலங்கி, அங்கங்கே மை உதிர்ந்து, தோல் தடித்துக் கிடந்தது.

"எம் பொண்ணு பேர எழுதச் சொன்னா, எறும்பு மொய்ச்ச மாதிரி வச்சிருக்க. ஒங் கை சரியில்ல தங்கச்சி. இனிமே யாருக்கும் குத்தாத."

அடுத்து ஒரு பாலிடெக்னிக் மாணவன். அவன் சண்டை போடவில்லை. அழுகிற குரலில், "அக்கா, நா நங்கூரம் கேட்டேன். எல்லாரும் இறாலான்னு கேக்குறானுவ" என்றான். அதன் பிறகு இன்னும் ஓரிருவர்.

அந்த மாணவனிலிருந்து ஒவ்வொரு தடவையும் தேன்மொழி மெஷினை டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். சுருதி திடீரென்று இறங்குகிறது, ஊசி தோலில் ஏறவில்லை, வோல்டேஜை ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் வெறிபிடித்த மாதிரி குத்துகிறது என்றார். என் மேசையில் வைத்து ஓட்டினேன். அப்பழுக்கில்லாமல் ஓடியது. இருந்தாலும் முன் ஸ்பிரிங்கை மாற்றினேன். அடுத்த தடவை கண்டென்சர். அதற்கடுத்த தடவை கிளிப் கார்டு. ஒவ்வொரு தடவையும் 'இதுதான் கோளாறு' என்று நிச்சயமாகச் சொல்லி அனுப்பினேன். அதிகாரிகள் விளக்க அறிக்கை எழுதும்போது காட்டும் அதே நிச்சயம்.

என் மேசையில் அது நல்ல பிள்ளை. கடைக்குப் போனால் ரௌடி.

கடைசியாக வந்த அன்று தேன்மொழி உட்காரவில்லை. "இதான் சார் கடைசி. பானு அக்கா சொல்லிட்டாங்க. இன்னும் ஒருத்தரு வந்து கையக் காட்டிச் சண்ட போட்டா, ரூம காலி பண்ணிடணும். எங்க வூட்டுல அவரு, பேசாம மீன் கூடைய எடுத்துக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போங்குறாரு. கூடை தூக்கறது கேவலம் இல்ல சார். எங்கம்மா தூக்கித்தான் என்னைப் படிக்க வச்சாங்க. ஆனா இது நானா கத்துக்கிட்டது."

அவர் டிபன் பாக்ஸை மேசையில் வைத்தார். நான் அதைத் திறக்கவில்லை. மேசையில் கிடைக்காத கோளாறை மேசையில் தேடிக்கொண்டே இருப்பதற்கு எந்தக் கையேட்டிலும் இடமில்லை. உபகரணம் எங்கே கெடுகிறதோ அங்கே போய்ப் பார் என்பதுதான் விதி. தெரிந்தும் போகாமல் இருந்ததற்குக் காரணம், அது பெண்கள் பார்லர். கதவில் 'ஆண்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. டாட்டூ அறைக்குப் பக்கவாட்டுச் சந்தில் தனி வாசல் உண்டு என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம்.

4. பானு அக்காவின் சாட்சி

மறுநாள் காலை கடைக்குப் போனேன். பானு முக்காட்டைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். கடுமையான ஆள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஒக்காருங்க சார். நீங்கதான் மெஷின் சாரா? எனக்கு இந்தப் புள்ள மேல கோவமெல்லாம் இல்ல. ஆனா மொகத்துக்கு மசாஜ் பண்ணிக்கிட்டுக் கண்ண மூடிப் படுத்திருக்கற பொம்பளைங்க காதுல, 'ஐயோ எங் கை போச்சே'ன்னு ஆம்பள சத்தம் கேட்டா எழுந்து ஓடிர்றாங்க. நா என்ன செய்யட்டும்?"

"கை சரியில்லன்னு ஊர்ல பேசிக்கறாங்களே" என்றேன்.

பானுவுக்குச் சுருக்கென்றது. "யாரு சொன்னது? இந்த வாரம் ஒரு நிக்காஹ் பொண்ணுக்கு ரெண்டு கை, ரெண்டு காலு மருதாணி போட்டுச்சு. முழங்கை வரைக்கும் கொடி. ஒரு எல கோணல் இருக்கான்னு போட்டோவ பாருங்க." போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "கையில குத்தம் இருந்தா மருதாணியிலயும் தெரியணும்ல? அல்லாஹ் அறிய, கை நல்ல கை. ஒங்க மெஷினப் பாருங்க."

சந்தேகப்படும் இரண்டு பொருளைப் பிரித்து, ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பது கோளாறு தேடுவதில் முதல் பாடம். அதே கை, வேறு கருவி. கோடு சரியாக வருகிறது. பானு யாருக்கும் சொல்லாமல் அந்தச் சோதனையை முடித்துவைத்திருந்தார். கை விடுதலை. இனி மெஷின் மட்டும்தான்.

5. பையைக் கழற்றியபோது

நான் தேன்மொழியிடம், "நான் இல்லன்னு நெனச்சுக்க. தினமும் காலையில என்ன செய்வியோ அதையே செய்" என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்தேன்.

அவர் அறையைப் பெருக்கினார். மேசையை ஸ்பிரிட்டால் துடைத்தார். கை கழுவினார். டப்பாவிலிருந்து மெஷினை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து சின்னக் கிண்ணத்தை எடுத்தார். சந்தனப் பொடியில் நாலு சொட்டுப் பன்னீர் விட்டுக் குழைத்தார். மெஷினை நிமிர்த்திப் பிடித்து, அதன் உச்சியில், ஆர்மேச்சரின் தலையில், முன் ஸ்பிரிங் தொடும் இடத்துக்குப் பக்கத்தில், நடுவிரலால் ஒரு பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம். கொஞ்சம் விபூதி. அப்புறம் சுகாதார விதிப்படி மெஷின் முழுவதையும் பிளாஸ்டிக் பையில் நுழைத்து ரப்பர் பேண்ட் போட்டார்.

மெஷினைப் பிடுங்காமல் மூலையிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்படியே இருந்ததற்காக எனக்கு யாராவது ஒரு சான்றிதழ் கொடுத்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் தோலில் கோடு போடச் சொன்னேன். முதல் கோடு நூல் பிடித்தது போல் வந்தது. இரண்டாவதும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் சந்தனம் காய்ந்து, அதிர்வில் உதிர ஆரம்பித்திருக்க வேண்டும். சுருதி தொய்ந்தது. கோடு வெளிறியது. தேன்மொழியின் இடது கை தானாகக் குமிழுக்குப் போய் வோல்டேஜை ஏற்றியது. மெஷின் முனகியது. பிறகு அடைத்துக்கொண்டிருந்த தூள் நொறுங்கி விலகியதும், ஏற்றிவைத்த வோல்டேஜ் முழுவதும் ஒரே மூச்சில் பாய்ந்தது. ஊசி ரப்பர் தோலைக் கிழித்துக்கொண்டு போனது.

"நிறுத்து. பையக் கழட்டு."

ஆர்மேச்சருக்கும் காயில் தலைக்கும் நடுவில், கான்டாக்ட் முனையில், ஃபிரேமின் அடியில், எங்கும் மஞ்சளும் சிவப்புமாக ரசப்பொடி சிந்திய மாதிரி இருந்தது. பை மூடியிருந்ததால் தூள் வெளியே போகவும் வழியில்லை. உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.

"இது எத்தனை நாளா?"

"முன்ன ஆயுத பூசைக்கு மட்டுந்தான் சார் வைப்பேன். முருகையண்ணன் வந்து சத்தம் போட்டாருல்ல, கண்ணு பட்டுடுச்சின்னு எங்க மாமியார் சொன்னாங்க. அப்பறம் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வச்சேன். அந்த நங்கூரமும் ஒரு வெள்ளிக்கெழம குத்துனதுதான். அதுக்கப்பறம் தெனமும்."

"என்கிட்ட கொண்டாந்தப்ப ஒரு துளி தூள்கூட இல்லையேம்மா!"

தேன்மொழி என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நல்லாத் தொடச்சி, பிரஷ் போட்டுட்டுத்தான் சார் கொண்டாருவேன். ஒருத்தங்க வூட்டுக்கு ஏனத்தக் கழுவாமக் குடுத்தனுப்புவாங்களா?"

அவர் ஒவ்வொரு தடவையும் கோளாறைக் கழுவி ஊற்றிவிட்டு, கோளாறு இல்லாத மெஷினை என்னிடம் கொடுத்திருக்கிறார். நான் அதற்கு விதவிதமாகக் காரணம் கண்டுபிடித்திருக்கிறேன். மெஷின் கெடக் கெடப் பொட்டு அதிகமாயிற்று. பொட்டு அதிகமாக ஆக மெஷின் கெட்டது.

"அப்ப பொட்டு வைக்கக் கூடாதுங்குறீங்களா?" அவர் சந்தனக் கிண்ணத்தை மூடினார்.

"வை. ஆடாத இடத்துல வை. ஃபிரேமுக்குப் பின்பக்கம் வை."

"முதுகுல போயி யாராச்சும் பொட்டு வைப்பாங்களா சார்?"

மிதியில் வைக்கலாம் என்று சொல்ல நினைத்து, நல்லவேளையாகச் சொல்லவில்லை. பார்லரைப் பிரிக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பானுவின் குரல் வந்தது. "கரண்ட் பொட்டி மேல வையேன் புள்ள. காலையில மொதல்ல அதத்தான தொடுறே."

தேன்மொழி யோசித்தார். பவர் சப்ளை பெட்டியின் நெற்றியில் நல்ல அகலமான இடம் இருந்தது. தகடு, அசையாது, மூடியும் திறக்காது. சம்மதித்தார். மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரிபார்த்து, வோல்டேஜை அது இருக்க வேண்டிய இடத்துக்கு இறக்கிவைத்தேன். ரப்பர் தோல் முழுக்கக் கோடு போட்டார். கடைசிக் கோடும் முதல் கோடும் ஒன்றாக இருந்தன.

"சரியாப் போச்சு" என்றேன்.

"மெஷின் சரியாப் போச்சு சார்" என்றார் அவர். "ஆளு யாரு வருவா?"

6. உப்புத் தண்ணீர் வைத்தியம்

அவர் கேட்டது நியாயம். முருகையனின் கை பட்டினச்சேரியிலும் கருக்களாச்சேரியிலும் தினமும் நடமாடிக்கொண்டிருந்தது. மீன் ஏலம் கேட்க நீட்டும் கை அது. அதைவிடப் பெரிய விளம்பரப் பலகையைக் காரைக்காலில் யாரும் வைக்க முடியாது.

நான் பட்டினச்சேரிக்குப் போனேன். முருகையன் படகு நிழலில் உட்கார்ந்து வலையில் ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும், "மெஷின் டாக்டரா? வாங்க. கை இந்தா இருக்கு, நல்லாப் பாருங்க" என்று நீட்டினார்.

கான்டாக்ட் பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அந்த மாணவனின் நங்கூரத்தைப் போட்டோவில் பார்த்திருந்தேன். ஒரு இடம் ஆழம், ஒரு இடம் மேலோட்டம், சில இடத்தில் கிழிசல். மெஷின் தடுமாறிய அடையாளம் அது. முருகையன் கையில் அப்படி இல்லை. ஆழம் எல்லா எழுத்திலும் ஒரே சீர். ஆனால் பொருக்கு பெயர்ந்து மை போயிருந்தது. ஊசி போன பிறகு ஏதோ நடந்திருக்கிறது. தேன்மொழி கணக்குப்படி அன்றைக்கு மெஷினில் பொட்டும் கிடையாது.

"குத்திக்கிட்டு மறுநாள் என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"தொழிலுக்குப் போனீங்களா?"

"நல்ல மீன்பாடு இருந்துச்சு சார். வூட்டுல ஒக்காந்திருக்க முடியுமா?"

"தண்ணி படக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லலியா?"

"சொல்லுச்சு. சொல்லும். அது கரையில இருந்து சொல்லும்." அவர் சிரித்தார்.

"சரி. அரிக்க ஆரம்பிச்சப்புறம் என்ன பண்ணீங்க?"

"அது பாருங்க, தக்காளி மாதிரி செவந்து போச்சு. எங்களுக்கெல்லாம் எந்தப் புண்ணா இருந்தாலும் கடல் தண்ணிதான் சார். சொறாமுள்ளு குத்துனாக்கூட அதுல கழுவுனா வாடிடும். நல்லா அள்ளி அள்ளி ஊத்துனேன். எரிஞ்சுச்சு. எரிஞ்சா வேல செய்யுதுன்னு அர்த்தம். இன்னும் ஊத்துனேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தன் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அதுதாங்குறீங்களா?"

"அதுதான்."

அவர் கொஞ்ச நேரம் ஈயத்தைக் கோத்தார். "நா ஊரு பூராச் சொல்லிட்டேனே சார், அந்தப் புள்ள கை சரியில்லன்னு."

"ஆமா."

"சரி, எந் தப்புன்னே வச்சுக்குங்க. அந்தக் காலேஜ் பயலுக்கு? அவன் என்ன கடலுக்கா போனான்?"

மெஷினில் கோளாறு இருந்தது, சரிசெய்துவிட்டேன் என்றேன். முருகையன் தலையைச் சாய்த்தார். எஞ்சின் மெக்கானிக்குகளோடு பல வருடம் வாழ்ந்த மனிதர் அவர்.

"சரிபண்ணிட்டேன்னு சொல்றவனோட நடுக்கடலுக்குப் போயி நின்னவன் நான். எவன் சரிபண்ணாலும், 'நீ மொதல்ல படகுல ஏறு'ம்பேன். நீங்க குத்திக்கிட்டு வாங்க சார். ஆறட்டும். பாத்துட்டு நா கை நீட்டுறேன்."

எனக்குத் தெரிந்த எல்லா நடைமுறைகளையும் மனதுக்குள் புரட்டினேன். இதற்கு எதிராக ஒன்றும் கிடைக்கவில்லை. பழுது பார்த்தவன் முன்னிலையில் சோதனை ஓட்டம் என்பது எங்கள் துறையிலும் விதிதான். பழுது பார்த்தவன் மீதே என்று எங்கும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

7. ஒரு கோடு

"என்ன சார் குத்தட்டும்? சாமி படமா, அம்மா பேரா?" என்று தேன்மொழி கேட்டார்.

"ஒரு நேர்கோடு."

"கோடா?"

"ஒரு விரல் நீளத்துக்கு. நேர்கோட்டுல எதையும் மறைக்க முடியாது."

இரண்டு கையிலும் கையுறை போட்டுக்கொண்டு தேன்மொழி மெஷினை எடுத்தார். ரப்பர் தோலில் அத்தனை கோடு போட்டவர், என் முன்கைக்கு மேலே ஊசியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "சார், ஒருவேள..." என்றார். நான் மிதியைக் காட்டினேன். அழுத்தினார்.

வலியைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கட்டெறும்புகள் வரிசை தவறாமல் கடித்துக்கொண்டு போவது போலிருந்தது என்று மட்டும் சொல்கிறேன். நான் கண்ணை மூடிச் சுருதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு இடத்திலும் இறங்கவில்லை. தேன்மொழியின் இடது கை ஒருமுறை குமிழை நோக்கிப் போனது. பழக்கதோஷம். தொடாமல் திரும்பிவந்தது.

வீட்டில் மனைவி கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "பேரன் எடுத்த வயசுல பச்ச குத்திக்கிட்டு வந்திருக்கீங்க. சரி, குத்துனதுதான் குத்துனீங்க, எம் பேரு ஞாபகத்துக்கு வரலியா?"

"ஒம் பேர்ல வளைவு ஜாஸ்தி. சோதனைக்குச் சரிப்படாது."

அன்றைக்கு ராத்திரி எனக்கு ரசம் மட்டும்தான்.

தேன்மொழி சொன்னபடி தண்ணீர் படாமல், சொறியாமல், வெயில் படாமல் பார்த்துக்கொண்டேன். பொருக்கு தானாக உதிர்ந்தது. கோடு ஸ்கேல் வைத்தது போல் அடியில் கறுப்பாகக் கிடந்தது. தேன்மொழி முருகையனுக்குப் போன் செய்தார். ஒரு சனிக்கிழமை, பார்லரில் கூட்டம் இருந்த நேரத்தில் அவர் வந்தார். நானும் அங்கே போயிருந்தேன். என் கையைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய், மீனின் செவுளைப் பிரித்துப் பார்ப்பது போல் தோலை இழுத்துப் பார்த்தார். கட்டைவிரலால் கோட்டின் மேல் தேய்த்தார்.

"ம்" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு.

டாட்டூ அறைக்குப் போகாமல், பார்லரில் அன்றைக்கு நின்று சண்டை போட்ட அதே இடத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். "பானும்மா, அன்னிக்கு இங்க நின்னு கத்துனேன்ல. தங்கச்சி கைமேல குத்தம் இல்ல. அது சொன்னதக் கேக்காம நாந்தான் கடல் தண்ணிய ஊத்திக்கிட்டேன்."

முகத்தில் கடலை மாவு பூசிக்கொண்டு படுத்திருந்த பெண்கள் அசையவில்லை. பானு, "அண்ணே, அன்னிக்குக் கத்துன சத்தத்துலயே சொல்லுங்க. உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கல" என்றார்.

முருகையன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் இன்னொரு தடவை சொன்னார், இந்த முறை ஏலக் குரலில். யாரோ ஒருவர் மாவு வெடிக்கச் சிரித்தார்.

பழைய எழுத்தின் மேலேயே கோடுகளைத் தடிப்பாக்கி, கலங்கிய இடங்களை உள்ளே அடக்கி, 'கயல்' என்று தேன்மொழி மறுபடி குத்தி முடித்தார். நான் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததும் முருகையன், "எப்பக் கடலுக்குப் போவலாம்?" என்றார்.

"ரெண்டு வாரம் ஆவும்ண்ணே."

"ரெண்டு வாரமா!" என்று ஒரு வசவை முழுங்கினார். பிறகு போனை எடுத்து, "டேய், நீங்க போய்க்குங்கடா, நா வரல. ஒடம்புக்கு ஒண்ணும் இல்லடா. கை ஆறணும்" என்றார். எதிர்முனையில் சிரித்தது எனக்கே கேட்டது. அவர் சிரிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தன் படகில் இருக்கும் இரண்டு பேரைப் பச்சை குத்திக்கொள்ள அவரே அழைத்துவந்தார். தேன்மொழியின் அறை இன்னும் பானுவின் பார்லருக்குப் பின்னால்தான் இருக்கிறது.

காயில் மெஷின் பார்க்கப் போகிறவர்களுக்கு, இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஒரே பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். கோளாறு வருவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: ஒன்றும் செய்யவில்லை. அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். கோளாறு வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். ஒருவர் சந்தனம் வைத்திருப்பார், ஒருவர் கடல் தண்ணீர் ஊற்றியிருப்பார், ஒருவர் ஸ்பிரிங், கண்டென்சர், கார்டு என்று நல்ல சாமானாகப் பார்த்து மாற்றிக்கொண்டிருப்பார். மூவருக்குமே தாங்கள் செய்தது வைத்தியம் என்றுதான் நினைப்பு. அதனால் கேட்காமல் சொல்லமாட்டார்கள். அந்தப் பதில் வரும்வரை ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதீர்கள்.